தொலைவும் குறிக்கோளும்: ஒரு முகாமைக் கருத்தின் வரலாறு

பலர் கூடிச் செய்யும் தொழில் எதுவாயினும், அவர்தம் உழைப்பை ஒன்றிணைக்கும் சக்தியொன்று அதற்கு இன்றியமையாததாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்சாலையில் அச்சக்தியாக விளங்கியது மேற்பார்வையாளரின் கண்ணேயாகும். எல்லோரும் ஒரு கூரையின்கீழ், ஒரே மணியோசைக்கு வேலையைத் தொடங்கி, ஒரே மணியோசைக்கு வேலையை முடித்தனர். ஒரு பகுதியில் நேர்ந்த தாமதம் அடுத்த பகுதிக்குத் தானாகவே தெரியவந்தது. இருபத்தோராம் நூற்றாண்டிலோ கூரையே இல்லாத கம்பனிகள் தோன்றியுள்ளன. அவற்றின் ஊழியர்கள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நேர வலயங்களில், தத்தம் இல்லங்களில் இருந்துகொண்டே கணனி வழியாகப் பணியாற்றுகின்றனர். பொருளை உருவாக்கும் குழுவினர் அதனை விற்கும் குழுவினரை ஆண்டுக்கணக்கில் நேரிற் காணாதிருத்தலும் கூடும்.

ஒருவரையொருவர் காணாத இக்குழுக்களை ஒன்றிணைப்பது எது? இவ்வினாவுக்கு இன்று பரவலாக அளிக்கப்படும் விடை, எழுதப்பட்ட குறிக்கோள் என்பதாகும். காலாண்டுதோறும் ஒவ்வொரு குழுவும் தான் அடைய விரும்புவது யாது என்பதையும், அதனை அடைந்தமையை எவ்வளவு கொண்டு அறிவது என்பதையும் எழுதிவைத்தலே இம்முறையின் சாரம். அலுவலகமற்ற கம்பனிகளுக்கென்றே வகுக்கப்பட்ட புதுமுறைபோல் இது தோன்றினும், இதற்கு எழுபது ஆண்டுகால வரலாறு உண்டு. அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குமிடத்து, குறிக்கோள் என்னும் கருவி இருவேறு இயல்புகளைக் கொண்டிருந்தமை புலனாகும். ஒருபுறம் அது ஒரு குழு ஏனைய குழுக்களுக்கு அளிக்கும் வாக்குறுதி. மறுபுறம் அது மேலிடம் ஒவ்வோர் ஊழியரையும் அளக்கும் அளவுகோல். வாக்குறுதியாக நின்றபோது அது தொலைவிலிருந்தோரையும் இணைத்தது. தனியாளை அளக்கும் கோலாக மாறியபோது அருகிலிருந்தோரையும் பிரித்தது. இக்கூற்றை வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தின் தோற்றம்

முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி ஒரு நெருக்கடியை எதிர்நோக்கியது. செவ்ரலே, பியூக், கடிலாக் முதலிய அதன் பிரிவுகள் ஒவ்வொன்றும் தனிக் கம்பனிபோல வளர்ந்திருந்தன. அவை யாவற்றையும் ஒரே கையால் நடத்துதல் இயலாததாயிற்று. அவற்றைத் தம்போக்கில் விட்டுவிடுதலும் ஆபத்தாயிற்று. 1923 இல் அக்கம்பனியின் தலைவரான அல்பிரட் சுலோன், அன்றாடச் செயற்பாட்டினைப் பிரிவுகளின் பொறுப்பில் விட்டு, கொள்கை வகுத்தலையும் நிதிக் கட்டுப்பாட்டையும் மையத்தில் வைத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டை நிலைபெறச் செய்தார். பெரிய நிறுவனமொன்றை ஆணையினால் மட்டும் நடத்த முடியாது என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது எனலாம்.

இவ்வேற்பாட்டை உள்ளிருந்து ஆராயும் வாய்ப்பினை 1943 இல் பெற்றவர் பீற்றர் ட்ரக்கர் ஆவார். வியன்னாவில் 1909 இல் பிறந்த இவர், நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றிய 1933 இல் ஜெர்மனியை விட்டகன்று, இங்கிலாந்தில் சில ஆண்டுகள் தங்கியபின் அமெரிக்காவிற் குடியேறியவர். ஜெனரல் மோட்டர்ஸ் பற்றிய தம் ஆய்வினை 1946 இல் நூலாக வெளியிட்டார். பின்னர் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனிக்கு ஆலோசகராகப் பணியாற்றி, அங்குப் பெற்ற அனுபவத்தையும் சேர்த்து, முகாமைத்துவத்தின் நடைமுறை குறித்த தம் புகழ்பெற்ற நூலை 1954 இல் வெளியிட்டார். குறிக்கோள்வழி முகாமைத்துவம் என்னும் கருத்து பரவலாக அறியப்படலாயிற்று இந்நூலினாலேயாகும்.

அந்நூலில் மூன்று கல்தச்சர் பற்றிய பழங்கதை ஒன்றினை ட்ரக்கர் எடுத்தாளுகிறார். என்ன செய்கின்றீர் என வினவியபோது, ஒருவன் பிழைப்புக்கு உழைப்பதாகக் கூறினான். மற்றொருவன் அந்நாட்டிலேயே மிகச் சிறந்த கல்வேலை செய்வதாகக் கூறினான். மூன்றாமவன் தேவாலயம் கட்டுவதாகக் கூறினான். மூன்றாமவனே உண்மையான முகாமையாளன் என்பது வெளிப்படை. ஆயின் ட்ரக்கர் அஞ்சியது முதலாமவனை அன்று, இரண்டாமவனையே ஆகும். தன் தொழிற்றிறனையே முடிந்த முடிபாகக் கொள்ளும் நிபுணன், பொதுப்பணியிலிருந்து தன்னையறியாமலே விலகிச் செல்கின்றான். பொறியியற் பகுதி சிறந்த பொறியியலையும், கணக்குப் பகுதி சிறந்த கணக்கையும் நாடும்போது, கட்டப்படவேண்டிய தேவாலயம் எவர்க்கும் உரியதன்றாகிவிடுகிறது. ஆதலின், ஒவ்வொரு பகுதியின் குறிக்கோளும் ஏனைய பகுதிகளுக்கு அது செய்யவேண்டிய பங்களிப்பையும் அவற்றிடமிருந்து அது எதிர்பார்க்கும் பங்களிப்பையும் உள்ளடக்கவேண்டும் என அவர் வற்புறுத்தினார். குழுக்களிடையே ஒத்துழைப்பு என்பது, எனவே, இக்கருத்திற் பின்னர் சேர்க்கப்பட்டதன்று. அதன் பிறப்போடு பிறந்ததாகும்.

இதனை நடைமுறைப்படுத்த ட்ரக்கர் எடுத்துக்காட்டிய வழிகளுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, முகாமையாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருமுறை தம் மேலதிகாரிக்கு எழுதும் கடிதம். மேலதிகாரியின் குறிக்கோள்களாகத் தாம் விளங்கிக்கொண்டவை, தம் குறிக்கோள்கள், தம் பணிக்கு மேலதிகாரியும் கம்பனியும் துணைசெய்யும் வகை, தடைசெய்யும் வகை ஆகியனவெல்லாம் அதில் இடம்பெறும். குறிக்கோள் மேலிருந்து இறங்கும் ஆணையாகவன்றிக் கீழிருந்து எழும் கூற்றாக அமைவது இங்கு நோக்கற்பாலது. இரண்டாவது, ஜெனரல் இலெக்ட்ரிக்கில் வழங்கிய கணக்காய்வு முறை. அக்கம்பனியின் பயணக் கணக்காய்வாளர்கள் ஒரு பிரிவைச் சோதித்தபின் தம் அறிக்கையை அப்பிரிவின் முகாமையாளரிடமே கையளித்தனர். அளவீடு அளக்கப்படுபவரின் கைக்கே சென்றது. தம்மைத் தாமே திருத்திக்கொள்வதற்கு அது பயன்பட்டது. இக்காரணம்பற்றியே ட்ரக்கர் இம்முறையைக் குறிக்கோள்களாலும் சுயகட்டுப்பாட்டினாலும் நடைபெறும் முகாமைத்துவம் எனப் பெயரிட்டார்.

மறைந்துபோன மறுபாதி

கருத்து பரவியது, ஆனால் பெயரின் முற்பாதியே பரவியது. சுயகட்டுப்பாடு என்னும் பிற்பாதி வழியிலே கைவிடப்பட்டது. 1960 களில் பெருங்கம்பனிகள் பல ஆண்டுத் தொடக்கத்தில் ஊழியருக்குக் குறிக்கோள்களை விதித்து, ஆண்டு முடிவில் அவற்றைக் கொண்டு சம்பள உயர்வையும் பதவியுயர்வையும் தீர்மானிக்கலாயின. 1973 இல் ஜனாதிபதி நிக்சனின் நிர்வாகம் இம்முறையை ஐக்கிய அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் பெருந்திணைக்களங்களிலும் புகுத்தியது.

இக்காலத்திலேயே குறிக்கோள் பற்றிய உளவியல் ஆய்வுகளும் வளர்ச்சியுற்றன. எட்வின் லொக் 1968 இல் வெளியிட்ட கட்டுரையில், 'இயன்றதைச் செய்க' என்பதைக் காட்டிலும் திட்டவட்டமானதும் கடினமானதுமான குறிக்கோள் மிகுந்த பயனளிக்கும் எனக் காட்டினார். கெரி லேதமும் ஜேம்ஸ் போல்ட்சும் 1975 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்றாயிற்று. ஒக்லஹோமா மாநிலத்தில் மரங்களை ஏற்றிச்செல்லும் லொறிச் சாரதிகள், சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 வீதமே ஏற்றிவந்தனர். 94 வீதம் ஏற்றுக என்னும் திட்டவட்டமான இலக்கு அளிக்கப்பட்டதும், மேலதிகப் பணம் எதுவுமின்றியே, சில மாதங்களுள் அளவு 90 வீதத்திற்கு மேல் உயர்ந்தது.

இவ்வாய்வின் முடிவை மறுப்பதற்கில்லை. எனினும் அதன் எல்லையை உணர்தல் வேண்டும். லொறியில் மரம் ஏற்றும் வேலையின் பயனைத் தனியே பிரித்து அளக்கலாம். ஒரு சாரதியின் வெற்றி இன்னொரு சாரதியின் உதவியிற் பெரிதும் தங்கியிருப்பதில்லை. ஒருவர் வேலை மற்றவர் வேலையிற் பின்னிக்கிடக்கும்போது நிலைமை வேறாகின்றது. ரெறென்ஸ் மிச்சலும் வில்லியம் சில்வரும் 1990 இல் வெளியிட்ட ஆய்வில், மூவர் சேர்ந்து கோபுரம் ஒன்றினைக் கட்டும் பணி அளிக்கப்பட்டது. தனியாளுக்குத் தனியிலக்கு விதிக்கப்பட்ட குழுக்கள், குழுவுக்குப் பொதுவிலக்கு விதிக்கப்பட்டவற்றைக் காட்டிலும் பின்தங்கின. தனியிலக்கு பெற்றோர் ஒருவரோடொருவர் போட்டியிட முற்பட்டமையே அதற்குக் காரணமாகும். ஒத்துழைப்பை வேண்டும் பணியில் தனியாளின் இலக்கு ஒத்துழைப்பையே அரித்துவிடுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஆய்வுகூடத்தில் இது நிறுவப்படுமுன்னரே, நடைமுறையைக் கண்டோர் எச்சரிக்கை விடுத்திருந்தனர். டக்ளஸ் மக்கிறெகர் 1957 இல் ஊழியர் மதிப்பீட்டு முறையைக் கண்டித்து, மேலதிகாரி நீதிபதியாக அமரும் நிலை ஒழிந்து, ஊழியர் தம் இலக்கைத் தாமே வகுக்கும் நிலை உருவாகவேண்டும் என வாதிட்டார். ஹரி லெவின்சன் 1970 இல் எழுதிய கட்டுரை, முகாமைத்துவம் நடைபெறுவது யாருடைய குறிக்கோள்களின்படி என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டிருந்தது. ஸ்ரீவன் கெர் 1975 இல், நிறுவனங்கள் ஒன்றிற்குப் பரிசளித்துக்கொண்டு மற்றொன்றை எதிர்பார்க்கும் மடமையைச் சுட்டிக்காட்டினார். ஜப்பானியக் கைத்தொழிலின் தரமேம்பாட்டில் பெரும்பங்கு வகித்த எட்வேர்ட்ஸ் டெமிங், 1980 களில் தாம் விதந்துரைத்த பதினான்கு நெறிகளுள், பகுதிகளிடையேயுள்ள சுவர்களைத் தகர்க்குமாறும் எண்ணிலக்குகளையும் குறிக்கோள்வழி முகாமைத்துவத்தையும் அகற்றுமாறும் கோரினார். இவ்விரண்டும் தனித்தனிக் கோரிக்கைகளாயினும் ஒன்றோடொன்று தொடர்புடையன. பகுதிகளிடையே சுவரை எழுப்பியவற்றுள் பகுதிக்கெனத் தனியே வகுத்த எண்ணிலக்கும் ஒன்றென அவர் கண்டார்.

இன்ரெல்: குறிக்கோளின் மறுபிறப்பு

அமெரிக்கக் கம்பனிகள் பலவற்றில் இம்முறை சடங்காகச் சுருங்கியிருந்த வேளையில், கலிபோர்னியாவின் குறைகடத்திக் கம்பனியான இன்ரெலில் அது புதுவடிவம் பெற்றது. 1968 இல் தொடங்கப்பட்ட அக்கம்பனியில் தொடக்கத்திலேயே சேர்ந்து, 1979 இல் தலைவராகவும் 1987 இல் பிரதம நிறைவேற்று அதிகாரியாகவும் உயர்ந்தவர் அன்ட்ரூ குரோவ். 1936 இல் புடாபெஸ்ற் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1956 ஆம் ஆண்டின் ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டபோது நாட்டைவிட்டுத் தப்பியவர் இவர்.

குரோவ் ட்ரக்கரின் கருத்தை ஏற்று அதனைச் சுருக்கினார். எங்குச் செல்ல விரும்புகின்றோம் என்பது குறிக்கோள். அங்குச் சென்றுகொண்டிருக்கின்றோமா என்பதை வழியிலே அறிவிப்பன முக்கிய பேறுகள். இவ்விரண்டையும் இணைத்தே பின்னாளில் இம்முறை 'குறிக்கோள்களும் முக்கிய பேறுகளும்' எனப் பெயர்பெற்றது. ஆங்கில முதலெழுத்துக்களால் ஓ.கே.ஆர். என இன்று வழங்குகின்றது. குறிக்கோள்கள் சிலவாக இருத்தல், குறுகிய காலத்துக்கு வகுக்கப்படுதல், அவற்றுட் பல கீழிருந்து எழுதல் என்பன அவர் வற்புறுத்திய பண்புகள். 1983 இல் வெளிவந்த தம் நூலில் அவர் கொலம்பசை எடுத்துக்காட்டாகக் கொண்டார். கீழைநாடுகளுக்குப் புதிய வழி காணுதலே கொலம்பசின் இலக்கு. அதனை அவர் அடையவில்லை. ஆயினும் அவர் ஆற்றிய பணி அற்பமானதென எவரும் கூறார். எனவே இலக்கை அடைந்தமை, அடையாமை என்பவற்றை மட்டுமே கொண்டு ஒருவரை மதிப்பிடலாகாது. இலக்கு என்பது ஒருவர் தம் வேகத்தைத் தாமே அறிந்துகொள்ள உதவும் கடிகாரமேயன்றிச் சட்டப் பத்திரமன்று என்பது அவர் கருத்தாகும். ட்ரக்கரின் சுயகட்டுப்பாடு இங்கு மீண்டும் உயிர்பெறுவதைக் காணலாம்.

இம்முறையின் வலிமை 1980 இல் சோதனைக்குள்ளானது. இன்ரெலின் 8086 நுண்செயலி 1978 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மோட்டரோலா கம்பனி வெளியிட்ட 68000 நுண்செயலி, தொழினுட்பச் சிறப்பில் அதனை விஞ்சியதெனப் பலர் கருதினர். வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போவதை முதலில் உணர்ந்தவர்கள் தலைமையகத்தில் இருந்தோர் அல்லர். தூர இடங்களில் விற்பனைப் பணியில் ஈடுபட்டிருந்தோரேயாவர். 1979 இன் இறுதியில் அத்தகையோர் ஒருவரிடமிருந்து வந்த நீண்ட தெலெக்ஸ் செய்தியே தலைமையகத்தை விழிப்படையச் செய்தது. அதனைத் தொடர்ந்து, கம்பனி முழுவதற்கும் பொதுவான இலக்கொன்று வகுக்கப்பட்டது. ஓராண்டுக்குள் 2,000 புதிய பொருள்களின் வடிவமைப்பில் இன்ரெலின் நுண்செயலி இடம்பெறச் செய்தல் என்பதே அது. பொறியியல், சந்தைப்படுத்தல், விற்பனை ஆகிய பகுதிகள் அனைத்தும் அவ்வொரே இலக்கிலிருந்து தத்தம் முக்கிய பேறுகளை வகுத்துக்கொண்டன. ஆண்டு முடிவில் அவ்விலக்கு கடக்கப்பட்டது. அவ்வெற்றிகளுள் ஒன்றாக, 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியில் இன்ரெலின் 8088 நுண்செயலி இடம்பெற்றது.

இந்நிகழ்ச்சியில் இரு அம்சங்கள் சிந்திக்கத்தக்கன. செய்தி தொலைவிலிருந்து மையத்துக்கு வந்தபின்னரே குறிக்கோள் மையத்திலிருந்து தொலைவுக்குச் சென்றது. மேலும், அக்குறிக்கோள் எந்தவொரு பகுதிக்கும் தனியுரிமையாக இருக்கவில்லை. விற்பனையாளர் தனித்தும் பொறியியலாளர் தனித்தும் அதனை அடைந்திருக்க முடியாது.

கூகிள்: யாவரும் காணும் குறிக்கோள்

இன்ரெலில் 1970 களின் நடுப்பகுதியில் குரோவிடம் இம்முறையைக் கற்றவர்களுள் ஒருவர் ஜோன் டோர். முதலீட்டாளராகிய பின்னர், 1999 இல், தாம் முதலிட்ட கூகிள் என்னும் இளங்கம்பனிக்கு இதனை அவர் எடுத்துரைத்தார். ஏறத்தாழ 30 பேர் மட்டுமே பணியாற்றிய கம்பனி அது. அங்கு இம்முறை பெற்ற வளர்ச்சியில் இரு கூறுகள் முக்கியமானவை.

முதலாவது வெளிப்படைத்தன்மை. தலைவர் முதல் புதிதாகச் சேர்ந்த ஊழியர் வரை அனைவரின் குறிக்கோள்களும் கம்பனியினுள்ளே யாவரும் காணுமாறு வைக்கப்பட்டன. வேறொரு குழுவின் உதவியை நாடும் ஒருவர், அக்குழு எதில் ஈடுபட்டுள்ளது, தம் வேண்டுகோள் அதற்கு எங்ஙனம் பொருந்தும் என்பனவற்றை முன்கூட்டியே அறிந்துகொண்டு அணுகலாம். இரண்டாவது, குறிக்கோளுக்கும் ஊதியத்துக்கும் இடையே பேணப்பட்ட இடைவெளி. பேறுகள் 0 முதல் 1 வரை புள்ளியிடப்பட்டன; 0.6 அல்லது 0.7 நல்ல புள்ளியாகவே கருதப்பட்டது. எப்பொழுதும் 1 பெறுபவர் எளிய இலக்கை வகுத்தவர் எனக் கொள்ளப்பட்டார். பதவியுயர்வு இப்புள்ளிகளாலே தீர்மானிக்கப்படவில்லை. கூகிளின் குரோம் உலாவி 2008 இல் வெளிவந்தபோது, ஆண்டிறுதிக்குள் 2 கோடிப் பயனாளர் என்பது இலக்கு, அது எட்டப்படவில்லை. அடுத்த ஆண்டு இலக்கு 5 கோடியாக உயர்த்தப்பட்டது. எட்டப்பட்டது 3 கோடி 80 இலட்சமே. அக்குழு தண்டிக்கப்படவில்லை, மேலும் உயர்ந்த இலக்கை நோக்கித் தொடர்ந்து சென்றது. தோல்வியை ஒளிக்கவேண்டிய தேவை இல்லாதவிடத்தே உண்மையான நிலையைப் பிற குழுக்கள் அறிகின்றன. உண்மையான நிலையை அறிந்தவிடத்தே உதவியும் பிறக்கின்றது.

தொலைவு என்னும் சோதனை

இதுவரை நோக்கிய கம்பனிகள் யாவும் அலுவலகங்களை உடையவை. எழுதப்பட்ட குறிக்கோள் தவறினும், நடைக்கூடத்திலும் உணவுச்சாலையிலும் நிகழும் சந்திப்புக்கள் அக்குறையை ஓரளவு ஈடுசெய்தன. அத்தகைய சந்திப்பின் பெறுமதியை மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த தோமஸ் அலன் 1977 இல் வெளியிட்ட நூலில் அளந்து காட்டினார். ஆய்வுகூடங்களிற் பணியாற்றிய பொறியியலாளரின் இருக்கைகளுக்கிடையே தூரம் கூடக்கூட அவர்களிடையேயான உரையாடல் மிக விரைவாகக் குறைந்தது. ஏறத்தாழ 30 மீற்றருக்கு அப்பால் அது அடிமட்டத்தை அடைந்தது. முப்பது மீற்றரே இவ்வளவு பெரிய தடையாயின், கண்டங்களுக்கிடையேயுள்ள தூரத்தை என்னென்பது?

அமெரிக்கப் பொறியியலாளர் ஜக் நில்ஸ் தொலைவிலிருந்து பணியாற்றுதலுக்கு 1973 இலேயே பெயரிட்டு அதனை ஆராய்ந்தார். ஆயினும் முழுக் கம்பனியும் அவ்வாறு இயங்குதல் இணையம் பரவிய பின்னரே சாத்தியமாயிற்று. 2020 இல் கோவிட் பெருந்தொற்று கோடிக்கணக்கானோரை ஒருசேர வீட்டிலிருந்து பணியாற்றச் செய்தபோது, அதன் விளைவை அளக்கும் வாய்ப்பும் கிட்டியது. மைக்ரோசொப்ற் கம்பனியின் 61,182 அமெரிக்க ஊழியரின் தொடர்புகளை அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களுக்கு ஆராய்ந்த ஓர் ஆய்வு 2021 இல் வெளிவந்தது. தம் குழுவினரோடு ஊழியர் கொண்டிருந்த தொடர்பு இறுகியது. பிற குழுக்களோடு ஒத்துழைப்பிற் செலவிட்ட நேரத்தின் பங்கு, முன்னைய அளவிலும் ஏறத்தாழ 25 வீதம் குறைந்தது. தொலைவு தனியாளைச் சோம்பேறியாக்கவில்லை. குழுக்களுக்கிடையேயுள்ள பாலங்களையே நலிவித்தது. மேலதிகாரிகள் பலர் அஞ்சியது முதலாவதைப் பற்றி. உண்மையில் நேர்ந்தது இரண்டாவது.

பிழையான அச்சம் பிழையான பரிகாரத்துக்கு இட்டுச்சென்றது. அதே 2020 இல் மைக்ரோசொப்ற் தன் வாடிக்கைக் கம்பனிகளுக்கு அளித்த 'உற்பத்தித்திறன் புள்ளி' என்னும் கருவி, ஊழியர் ஒவ்வொருவரும் மின்னஞ்சல் முதலியவற்றைப் பயன்படுத்தும் அளவை அவரவர் பெயருடன் மேலதிகாரிகள் காண வழிசெய்தது. கடும் கண்டனம் எழவே, ஆண்டு முடியுமுன்னரே தனியாட்களின் பெயர்கள் அதிலிருந்து அகற்றப்பட்டன. பழைய மேற்பார்வையாளரின் கண்ணைக் கணனியிற் பொருத்த முனைந்த முயற்சி என இதனைக் கொள்ளலாம். நலிந்த பாலத்தை இத்தகைய கண்காணிப்பு சீர்செய்யாது.

பாலத்தைச் சீர்செய்யும் வழி எதுவென்பதற்கு கிற்லாப் கம்பனி தக்க சான்றாகும். உக்ரேனைச் சேர்ந்த டிமிற்றி சப்போரோசெற்ஸ் 2011 இல் தொடங்கிய மென்பொருட் பணியில் நெதர்லாந்தைச் சேர்ந்த சிற்ஸ் சிபிரன்டி இணைந்ததால் உருவான கம்பனி இது. தொடக்கத்திலேயே இரு நாடுகளில் வேரூன்றிய இக்கம்பனி, 60 க்கு மேற்பட்ட நாடுகளில் ஊழியரைக் கொண்டதாய் வளர்ந்து, 2021 ஒக்ரோபரில் நியூயோர்க்கின் நஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. தலைமை அலுவலகம் என ஒன்று அதற்கு இருக்கவில்லை. தன் நடைமுறைகள் யாவற்றையும் விரிவான கைந்நூலாக எழுதி இணையத்தில் எவரும் வாசிக்குமாறு வைத்தது. காலாண்டுதோறும் வகுக்கப்பட்ட ஓ.கே.ஆர். குறிக்கோள்களையும், 2010 களின் பிற்பகுதியில், பொதுமக்களும் காணத்தக்கதாக வெளியிட்டது. நேரிற் பேச இயலாத ஒருவருக்கு, அவர் விழித்தெழும் வேளையில் வாசிக்கத்தக்கதாக, எல்லாவற்றையும் எழுதிவைத்தல் என்பதே அதன் அடிப்படை நெறியாகும். ட்ரக்கரின் முகாமையாளர் ஆண்டுக்கு இருமுறை ஒருவருக்கு மட்டும் எழுதிய கடிதம், இங்கு காலாண்டுக்கொருமுறை யாவருக்கும் எழுதப்படும் கடிதமாக விரிந்துவிட்டது எனின் மிகையாகாது.

இம்முறை குழுக்களை இணைக்கும் வகையை விளக்குதற்கு ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். மென்பொருளை ஆக்கும் குழுவின் இலக்கு காலாண்டில் பத்துப் புதிய வசதிகளைச் சேர்த்தல். வாடிக்கையாளர் உதவிக் குழுவின் இலக்கு நாளொன்றுக்கு நூறு முறைப்பாடுகளைத் தீர்த்தல். இரு குழுக்களும் தத்தம் இலக்கை முற்றாக அடையலாம். புதிய வசதிகள் புதிய முறைப்பாடுகளை உண்டாக்கும். முறைப்பாடுகள் பெருகப்பெருக உதவிக் குழுவின் எண்ணிக்கையும் சிறக்கும். வாடிக்கையாளரோ விலகிச் செல்வர். ட்ரக்கர் அஞ்சிய இரண்டாவது கல்தச்சன் இவ்விரு குழுக்களிலும் உளன். மாறாக, புதிய வாடிக்கையாளர் முதல் நாளிலேயே தடையின்றி மென்பொருளைப் பயன்படுத்தவேண்டும் என்பதைப் பொதுக்குறிக்கோளாகக் கொண்டால், எத்தகைய முறைப்பாடுகள் மிகுதி என்பதை உதவிக் குழு அறிவிக்க, அவற்றின் காரணத்தை ஆக்கக் குழு நீக்கவேண்டியதாகின்றது. ஒரு குழுவின் பேறு மற்றக் குழுவின் உழைப்பிற் தங்கியுள்ளது என்பதை எழுத்து வெளிப்படுத்துகின்றது. அலுவலகத்தின் நடைக்கூடம் செய்துவந்த பணி இதுவே.

அளவுகோல் கொணர்ந்த கேடு

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். ஐக்கிய அமெரிக்காவெங்கும் ஆயிரக்கணக்கான கிளைகளைக் கொண்ட வெல்ஸ் பார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கைக் குடும்பத்துக்கும் எட்டு வகைச் சேவைகளை விற்றல் என்பதை இலக்காக வகுத்து, கிளை ஊழியரை அவ்விலக்கினால் நெருக்கியது. இலக்கு திட்டவட்டமானது, கடினமானது, எண்ணால் அளக்கத்தக்கது. ஆனால் அது மேலிருந்து விதிக்கப்பட்டது. ஊழியரின் வேலைப் பாதுகாப்போடும் ஊக்கப்பணத்தோடும் பிணைக்கப்பட்டது. வாடிக்கையாளர் அறியாமலே இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டமை வெளிவந்து, 2016 செப்ரெம்பரில் 185 மில்லியன் டொலர் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர் வேலைநீக்கப்பட்டிருந்தனர். 2020 இல் மேலும் 3 பில்லியன் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்க்க அவ்வங்கி உடன்பட்டது. தொலைவிலுள்ள கிளைகளின் உண்மை நிலையை மையம் அறிந்துகொள்ள உதவவேண்டிய எண்கள், உண்மையை மையத்திடமிருந்து மறைக்கும் திரையாயின. இன்ரெலின் தெலெக்ஸ் செய்தியை இதனோடு ஒப்புநோக்குக. அங்குத் தீய செய்தியை அனுப்பியவர் கேட்கப்பட்டார்; இங்குத் தீய செய்தியை எண்களாற் கூற எவரும் துணியவில்லை.

வேறு சில கம்பனிகள் காலத்தே திருந்தின. சுவீடனிற் பிறந்த இசைக் கம்பனியான ஸ்பொற்றிபை, ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓ.கே.ஆர். வகுக்கும் வழக்கத்தைக் கைவிட்டதாக 2016 இல் அறிவித்தது. கம்பனியின் பொதுவான முன்னுரிமைகள் தெளிவாகத் தெரிந்தால், தம் பங்கைக் குழுக்களே வகுத்துக்கொள்ளும் என்பது அதன் துணிபு. குறிக்கோளை முற்றாகத் துறந்ததன்று. தனியாளிடமிருந்து குழுவுக்கு அதனை மீட்டமையே இது.

எழுத்துமுறையிலும் குறைகள் இல்லாமலில்லை. எழுத வல்லவரின் குரல் ஓங்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் பின்தங்க நேரிடும். அளக்க முடிந்தவை குறிக்கோளாகி, அளக்க முடியாத நற்பணிகள் கவனிப்பாரற்றுப் போதலும் உண்டு. புதிய ஊழியருக்கு வழிகாட்டுதல், பிற குழுவின் சிக்கலைப் பொறுமையோடு கேட்டல் என்பன எந்தக் காலாண்டுப் பட்டியலிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. எனவே குறிக்கோள் மட்டும் போதுமென்பது இக்கட்டுரையின் முடிபன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, 1954 முதல் இற்றைவரை இக்கருத்து அடைந்த வெற்றிகளிலும் தோல்விகளிலும் ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. குறிக்கோள் சிலவாகவும், செய்வோரின் பங்குடன் வகுக்கப்பட்டதாகவும், யாவரும் காணத்தக்கதாகவும், தனியாளின் ஊதியத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டதாகவும் அமைந்தபோது, குழுக்கள் இணைந்தன. இந்நான்கில் ஒன்று குன்றியபோது இணைப்புத் தளர்ந்தது. நான்கும் குன்றியபோது பொய்க் கணக்கே எஞ்சியது. தொலைவு இவ்வுண்மையைப் படைக்கவில்லை. அலுவலகத்தின் கூரை மறைத்துவைத்திருந்ததை வெளிப்படுத்தியது, அவ்வளவே.

நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறுவோரும் இன்று தூரதேசத்துக் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே பணியாற்றுகின்றனர். காலாண்டின் தொடக்கத்தில் ஒரு குறிக்கோட் பட்டியல் அவர்தம் கணனித் திரையில் தோன்றும். லெவின்சன் 1970 இல் தொடுத்த வினாவை அவ்வேளையில் அவர்கள் எழுப்புதல் நன்று: இக்குறிக்கோள் யாருடையது? அதனை வகுத்தபோது தம் குரல் கேட்கப்பட்டதா, அதனை வாசிக்கும் உரிமை தமக்கு அடுத்த குழுவினருக்கும் உண்டா, தவறியதை ஒளிக்காமற் கூறும் துணிவை அது அளிக்கின்றதா என்பனவற்றைக் கொண்டே அவ்வினாவுக்கு விடை காணலாம். ஆம் என விடை கிடைப்பின், தாம் ஒருபோதும் நேரிற் காணாதவரோடு சேர்ந்து ஒரு தேவாலயத்தைக் கட்டுகின்றோம் என அவர்கள் கொள்ளலாம். இன்றேல், எத்தனை எண்களை எட்டினும், அவர்கள் தனித்தனியே கல் பொளிந்துகொண்டிருப்போரே ஆவர்.